மேதைச் சிறுவனும் மெட்ஃபர்டு வீடும்

தொலைக்காட்சி நகைச்சுவைக்கு மேதைச் சிறுவன் சிக்கலான பாத்திரம். பார்ப்பவர்களைவிட அவனுக்கு அதிகம் தெரியும். தெரியும் என்பதை மறைத்துக்கொள்ளத்தான் தெரியாது. வாராவாரம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து பெரியவர்களைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பையனை யாரும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அவனை அசடாக்கினால் பாத்திரம் போய்விடும். அவன் சொல்வதெல்லாம் சரி என்று விட்டுவிட்டால் சிரிப்பு போய்விடும். இந்த இக்கட்டுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி கண்ட வழிகளில் மிகத் தேர்ந்தது ‘யங் ஷெல்டன்’. சிபிஎஸ் அலைவரிசையில் 2017 செப்டம்பர் 25 அன்று தொடங்கி 2024 மே 16 அன்று முடிந்த இத்தொடர், ஏழு சீசன்களில் 141 எபிசோடுகள் ஓடியது. ஷெல்டன் கூப்பரின் அறிவை அது எங்கும் குறைத்துக் காட்டவில்லை. அந்த அறிவு செல்லுபடியாகாத இடங்களுக்கு அவனை அழைத்துச் சென்றது. அந்த இடங்களில் பெரும்பாலானவை அவன் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

மேதைக் குழந்தையைப் பற்றிப் பொதுமக்களிடம் நெடுங்காலமாக இரண்டே கதைகள் இருந்தன: ஒன்று அதிசயம், மற்றொன்று வீழ்ச்சி. வில்லியம் ஜேம்ஸ் சைடிஸின் வாழ்க்கையில் இரண்டும் நடந்தன. 1909-ல் பதினோரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அங்குள்ள கணித வட்டத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி உரையாற்றினார். செய்தித்தாள்கள் அவரை விடாமல் துரத்தின. வளர்ந்தபின் அவர் வேண்டியது தனிமை. சாதாரண எழுத்தர் வேலைகளில் ஒதுங்கினார். 1937-ல் ‘நியூ யார்க்கர்’ இதழ் அவருடைய அன்றைய நிலையைப் படம்பிடித்துக் கட்டுரை வெளியிட்டது. தன் அந்தரங்கம் மீறப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கு 1940-ல் தோற்றது, 1944-ல் இறந்தார். முதலில் வாய்பிளந்து பார்த்தவர்களே பிறகு உச்சுக்கொட்டினார்கள். இரண்டு பார்வையிலும் அந்தப் பிள்ளை வீட்டில் யாருடன் சண்டையிட்டான், எதற்குப் பயந்தான் என்ற கேள்விக்கு இடமில்லை. நகைச்சுவைத் தொடர் புகுந்தது அந்தக் காலி இடத்தில்தான்.

புகுந்த உடனே சரியாக அமைந்துவிடவில்லை. ஏபிசி அலைவரிசையில் 1989 முதல் 1993 வரை வந்த ‘டூகி ஹவ்ஸர், எம்.டி.’ தொடரின் நாயகன் பதினாறு வயது மருத்துவர். நீல் பேட்ரிக் ஹாரிஸ் நடித்த அந்தப் பாத்திரம் சிறுவயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தது, தந்தையும் மருத்துவர். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் டூகி கணினித் திரையில் நாட்குறிப்பு எழுதுவான். அவனுடைய சந்தேகங்கள் எல்லாம் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கி, மறுவாரம் துடைத்த பலகையாகத் தொடங்கும். ஒழுங்கான தொடர், ஆனால் ஒழுங்கான பிள்ளையை மனிதனாக்க அதிக வேலை இல்லை.

‘தி சிம்ப்சன்ஸ்’ இன்னும் ஆழமாகத் தோண்டியது. எட்டு வயது லிசா அந்த வீட்டின் ஒரே அறிவாளி. 1998-ல் வந்த ‘லிசா தி சிம்ப்சன்’ எபிசோடில் அவளால் ஒரு புதிரை விடுவிக்க முடியாமல் போகிறது. சிம்ப்சன் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு வயது ஏற ஏற மூளை மழுங்கிவிடும் என்று தாத்தா சொல்லிவிட, பிள்ளை அரண்டுபோகிறாள். அவளைத் தேற்றுவதற்காகத் தந்தை ஹோமர் உறவினர்களைத் திரட்டிக் கொண்டுவருகிறார். வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் தோல்வியின் உருவம். கடைசியில் பெண்கள் பேசும்போதுதான் அந்தக் குறை ஒய் குரோமோசோமில் இருப்பது தெரியவருகிறது. தான் யாருடைய மகள் என்பதே ஓர் அறிவாளிக் குழந்தையின் பெரும் அச்சமாகவும், அந்த மனிதர் தனக்காக ஓடி அலைந்ததே ஆறுதலாகவும் அமைந்த கதை இது.

ஃபாக்ஸ் அலைவரிசையின் ‘மால்கம் இன் தி மிடில்’ (2000–2006) பணத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது. மால்கமின் நுண்ணறிவு ஈவு 165. அது தெரிந்த நாளில் தாய் லோயிஸுக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்கோ சிறப்பு வகுப்பில் தள்ளப்பட்டு ஊர் கேலிக்கு ஆளாகப்போகிறோம் என்ற நடுக்கம். கடன், பழுது, ஓயாத சகோதரச் சண்டை நிறைந்த வீடு அது. இறுதி எபிசோடில் கைநிறையச் சம்பளத்துடன் வரும் வேலையை லோயிஸே தட்டிவிடுகிறார். மகன் ஒருநாள் அமெரிக்க அதிபராக வேண்டும், அதற்குமுன் கஷ்டம் என்றால் என்னவென்று அறிய வேண்டும் என்பது அவர் கணக்கு. மால்கம் ஹார்வர்டில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான். மேதையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அவன் அறிவல்ல, அம்மாவின் பிடிவாதம் என்று சிரிக்காமல் சொன்ன நகைச்சுவை அது.

‘யங் ஷெல்டன்’ பிறந்த சூழல் வேறு. ‘தி பிக் பேங் தியரி’ 2007 முதல் 2019 வரை பன்னிரண்டு சீசன்களில் 279 எபிசோடுகள் ஓடிய வெற்றித் தொடர். அதில் ஷெல்டன் கலிபோர்னியாவில் பணிபுரியும் இயற்பியலாளர். ஜிம் பார்சன்ஸ் அந்தப் பாத்திரத்துக்காக நான்கு எம்மி விருதுகள் பெற்றார். பலருடைய மனத்தில் அந்த ஷெல்டன் நடமாடும் இயந்திரம்: மூன்று முறை கதவைத் தட்டுவது, தன் இருக்கையில் பிறர் அமர்ந்தால் எழுப்பிவிடுவது, யாருடைய மனமும் புண்படுவதை உணராமல் பேசுவது. அந்த மனிதரின் பிள்ளைப்பருவம் என்ற யோசனையை முதலில் எடுத்துச் சென்றவர் பார்சன்ஸே. சக் லோரியும் ஸ்டீவன் மொலாரோவும் அதைத் தொடராக்கினர். பார்சன்ஸ் பின்னணிக் குரலானார். இயன் ஆர்மிடேஜ் சிறுவன் ஷெல்டனானார். தாய் மேரியாக நடித்த ஸோயி பெர்ரி, மூலத் தொடரில் அதே மேரியாக நடித்த லாரி மெட்கால்ஃபின் சொந்த மகள்.

வடிவத்தில் நிகழ்ந்த மாற்றம் இந்தப் பாத்திரத்தின் விதியையே மாற்றியது. மூலத் தொடர் அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பல கேமராக்களால் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு துடுக்குப் பேச்சுக்கும் சிரிப்பொலி எழும். சிரிப்பொலி ஒரு வகையில் மன்னிப்பு. பேசியவன் யாரையும் காயப்படுத்தவில்லை என்று அது உறுதி சொல்கிறது. ‘யங் ஷெல்டன்’ ஒற்றைக் கேமராவில், சிரிப்பொலி இல்லாமல் எடுக்கப்பட்டது. அதே மாதிரியான வாக்கியத்தைச் சிறுவன் சொல்லும்போது பின்னால் ஓசை எதுவும் இல்லை. கேமரா எதிரே இருப்பவர் முகத்துக்குப் போகிறது. அந்த முகம் சுருங்குவதைப் பார்வையாளர் கண்டுவிடுகிறார், சொன்னவன் காணவில்லை. நகைச்சுவையும் துயரமும் அந்த இடைவெளியில் ஒன்றாகவே கிடக்கின்றன. இதைச் சாதித்த பெருமையில் எழுத்தாளர்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு படத்தொகுப்பாளர்களுக்கும் உண்டு.

கதைக்களம் கிழக்கு டெக்சாஸில் மெட்ஃபர்டு என்ற கற்பனை ஊர், ஆண்டு 1989. கால்பந்தும் பாப்டிஸ்ட் சபையும் ஆளும் ஊர் அது. ஒன்பது வயது ஷெல்டன் பல வகுப்புகளைத் தாண்டி உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறான். அண்ணன் ஜார்ஜியும் அதே வகுப்பு. தந்தை ஜார்ஜ் அதே பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். இரட்டைச் சகோதரி மிஸ்ஸி தன் வயதுப் பிள்ளைகளுடன் வேறு பள்ளியில். எதிர்வீட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி கோனி, பேரப்பிள்ளைகளுக்கு மீமா. சூதாட்டமும் பீரும் பிடித்த இந்தப் பாட்டிக்கு மகளின் பக்தியில் ஈடுபாடு கிடையாது. முதல் எபிசோடிலேயே ஆசிரியர்களின் உடை விதிமீறல்களைப் பட்டியலிட்டு ஷெல்டன் எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதிக்கிறான். அன்று மாலை தந்தை அவனிடம் ஒன்றைச் சொல்கிறார். முந்தைய ஊரில் சக பயிற்சியாளர்கள் விதியை மீறி ஆட்டக்காரர்களைச் சேர்த்ததைப் புகார் செய்ததால்தான் அவருக்கு வேலை போனது. விதிகளை விடாப்பிடியாகப் பற்றும் குணம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிகிறது. உணவுக்கு முன் ஜெபம் செய்யும்போது கிருமிக்குப் பயந்து கையுறை மாட்டிக்கொண்டே பிறர் கையைப் பிடிப்பவன், அன்றிரவு தந்தையின் கையை வெறுங்கையால் பிடிக்கிறான்.

எபிசோடின் தலைப்புகளே இந்தக் குடும்ப முறையைக் காட்டிக்கொடுக்கும். ‘சீட்டாட்டம், விசுவாசம், முட்டை’ என்பதுபோலத் தொடர்பில்லாத இரண்டு மூன்று பொருட்களை அடுக்குவது இத்தொடரின் வழக்கம். ஒரு பொருள் ஷெல்டனின் கதைக்குரியது. மற்றவை வீட்டில் வேறு யாருக்கோ உரியவை. இருபது நிமிடத்துக்குள் இரண்டும் ஓட வேண்டும். ஆகவே மேதையின் தேடல் எப்போதும் பாதி நேரத்தையே பெறுகிறது. அவன் பிரபஞ்சத்தை ஆராயும் வேளையில் பக்கத்து அறையில் மின்கட்டணத்தைப் பற்றியோ மகளின் கோபத்தைப் பற்றியோ பேச்சு நடக்கிறது.

விசுவாசம் பற்றிய ஐயமே தொடரின் செழிப்பான பகுதி. மேரி சபைக்கு உழைப்பவர். ஷெல்டனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆயினும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்து பாஸ்டர் ஜெஃப்பின் பிரசங்கத்தில் தர்க்கப் பிழை பிடிப்பான். இந்த வாதப்போரில் எழுத்தாளர்கள் எந்தப் பக்கமும் சாய்ந்துவிடவில்லை. தந்தைக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது ஷெல்டன் அங்குள்ள சிற்றாலயத்துக்குள் தனியே போகிறான். நம்பாதவன் ஜெபிக்கிறான். அது மனமாற்றம் அல்ல. கையில் வேறு கருவி இல்லாதவன் கிடைத்ததை எடுத்துப் பார்க்கிறான், அவ்வளவே.

இரண்டாம் சீசனில் நிலைமை தலைகீழாகிறது. ஊரில் பதின்வயதுப் பெண் ஒருத்தி விபத்தில் இறந்துபோக, நம்பிக்கையை இழப்பவர் மேரி. பாஸ்டரின் வார்த்தைகள் எடுபடவில்லை. இரவில் வெளியே உட்கார்ந்திருக்கும் தாயின் அருகில் வந்து அமரும் ஷெல்டன், தனக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறான். ஈர்ப்பு விசை சற்றே கூடியிருந்தால் பிரபஞ்சம் சுருங்கி ஒடுங்கியிருக்கும். சற்றே குறைந்திருந்தால் விண்மீன்களும் கோள்களும் உருவாகாமல் சிதறிப்போயிருக்கும். இவ்வளவு துல்லியத்தைப் பார்க்கும்போது படைத்தவர் ஒருவர் இருக்கலாம் என்று முடிவுகட்டுவதில் தர்க்கம் உண்டு என்கிறான். தன் சிக்கல் தர்க்கத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்கிறார் தாய். அதற்கு அவன் பதில் ஐந்நூறு கோடி மனிதர்களைப் பற்றியது: அத்தனை பேரில் தனக்குப் பொருத்தமான தாய் தனக்கே அமைந்ததன் நிகழ்தகவு என்ன என்கிறான். இயற்பியலில் தொடங்கும் பேச்சு, அன்பைச் சொல்ல நிகழ்தகவைத் தவிர வேறு சொல் அறியாத பிள்ளையின் பேச்சாக முடிகிறது. தான் ஏற்காத நம்பிக்கையை அம்மாவுக்காக வாதாடி மீட்டுத் தர முயல்கிறான் என்பதே காட்சியின் கனம். ஏழு சீசன்களில் இதற்கு இணையான காட்சிகள் மிகச் சிலவே.

தன்னைப் பற்றிய ஐயம் இன்னும் மெதுவாக வருகிறது. முதலில் அது உடல்வழி வருகிறது. காலை உணவில் தொத்திறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கிய பிறகு, திட உணவு என்றாலே ஷெல்டனுக்குப் பயம். காரணகாரியம் எல்லாம் தெரியும், விழுங்கத்தான் முடியவில்லை. பின்னர் கல்லூரியில் சேர்ந்ததும் தத்துவ வகுப்பு அவனைக் கவிழ்க்கிறது. எதையும் உறுதியாக அறிய முடியுமா என்ற கேள்வியை வயதுவந்த மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போகிறார்கள். இவன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு முடங்கிப்போகிறான்.

திறன்மிகு குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை நன்கு அறிவர். மூளையின் வயது, உடலின் வயது, உணர்ச்சியின் வயது ஆகியவை ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதையே திறன்மிகுதியின் வரையறையாக 1991-ல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று முன்வைத்தது. லூயிஸ் டெர்மன் 1921-ல் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு குழந்தைகளைத் தேர்ந்து தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு பெரிதும் மதிப்பெண்ணையே நம்பியது. அந்தச் சோதனையில் தேறாத இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரஸும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். எண்ணால் அளக்கப்பட்ட மேதைமைக்கும் வாழப்பட்ட மேதைமைக்கும் உள்ள தூரத்தைத் தொலைக்காட்சி ஒரு தொத்திறைச்சித் துண்டை வைத்துச் சொல்லிவிட்டது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஐயத்தின் உச்சம் 2019 மே 16 அன்று ஒளிபரப்பான எபிசோடில். அதே இரவு, சற்று முன்னர், ‘தி பிக் பேங் தியரி’யின் கடைசி எபிசோடு வந்தது. அதில் வளர்ந்த ஷெல்டன் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு பெறுகிறார். எழுதிவந்த தற்பெருமை உரையை ஒதுக்கிவிட்டுத் தாய், தந்தை, மீமா, அண்ணன், சகோதரி என்று தொடங்கி நண்பர்கள்வரை நன்றி சொல்கிறார். அடுத்து வந்த ‘யங் ஷெல்டன்’ எபிசோடில் சிறுவன், நோபல் அறிவிப்பை வானொலியில் சேர்ந்து கேட்கப் பள்ளித் தோழர்களை விடிகாலையில் அழைக்கிறான். ஒருவர்கூட வரவில்லை. அவன் பெரிதும் மதித்த பேராசிரியர் ஸ்டர்ஜிஸ் மனநலம் குலைந்து மருத்துவமனையில் இருக்கிறார். தானும் தனியாகவே இருந்துவிடுவோமோ என்று அவன் அழுகிறான். அந்நேரம், பின்னாளில் அவன் நண்பர்களாகப் போகிறவர்கள் குழந்தைகளாக வெவ்வேறு வீடுகளில் இருப்பதைக் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. பரிசு வாங்கியவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆளில்லாத விருந்தில் உட்காரவைத்த இந்த அடுக்குமுறை, அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் அரிதாகக் காணும் துணிச்சல்.

ஸ்டர்ஜிஸின் நிலையைக் கண்ட மேரிக்கும் அதே பயம் தொற்றுகிறது. மூளை மிகுந்தவர்கள் உடைந்துபோவார்கள் என்றால் தன் பிள்ளை என்னாவான்? சைடிஸின் கதை இந்த வீட்டுக்குள் நுழையும் இடம் இது. விடையைத் தொடர் நேராகச் சொல்லவில்லை. பெய்ஜ் ஸ்வான்சன் என்ற சிறுமியின் வழியாகச் சொல்கிறது. ஷெல்டனுக்கு நிகரான மேதை அவள். அவனிடம் இல்லாத சமூகப் பக்குவமும் உண்டு. பெற்றோர் பிரிகிறார்கள், அவளுடைய படிப்பும் கைநழுவிப் போகிறது. இருவருக்கும் அறிவில் வேறுபாடு இல்லை. ஒருத்தியின் வீடு உடைந்தது, மற்றவனுடையது உடையவில்லை. தொடரின் மிகக் கூர்மையான வாதம் இந்தத் துணைப்பாத்திரத்தில் இருக்கிறது. அவளை இன்னும் அதிகம் எழுதியிருக்கலாம் என்ற குறை மிஞ்சுகிறது.

உடையாத வீடு இலவசமாகக் கிடைக்கவில்லை. மேரி தனியே சேர்த்துவைத்த பணத்தில் ஷெல்டனுக்குக் கணினி வாங்க, கணவன் மனைவிக்குள் பெரும் சண்டை மூள்கிறது. ராக்கெட்டைத் திரும்பத் தரையிறக்கும் கணக்கை மகன் போட்டுவிட்டான் என்றதும், அதில் ஒரு வரிகூடப் புரியாத ஜார்ஜ் அவனை ஹூஸ்டனில் உள்ள நாசாவுக்கு வண்டியில் அழைத்துப்போகிறார். மிஸ்ஸி இரண்டாம் இடத்துக்குப் பழகியவள். பிறர் முகத்தைப் படிப்பதில் அவளே மேதை. அதற்குப் பரிசளிக்கப் பள்ளியில் பாடம் இல்லை. ஆறாம் சீசனில் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு பெய்ஜுடன் ஓடிப்போகும்போதுதான் வீடு அவளைத் திரும்பிப் பார்க்கிறது. ஜார்ஜி பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான். மூலத் தொடரில் 2018-ல் வந்த ஓர் எபிசோடில், வளர்ந்து டயர் வியாபாரியான ஜார்ஜி தம்பியிடம் மனம் திறக்கிறார்: தந்தை இறந்தபின் தாயையும் தங்கையையும் தாங்கியவர் அவர், அதனால்தான் தம்பி கவலையின்றிக் கல்லூரிக்குப் போக முடிந்தது. பேரறிவு படைத்த ஷெல்டனுக்கு அதுவரை அது தெரியாது.

தெரியாமைதான் தந்தையின் கதைக்கும் அடிப்படை. மூலத் தொடரில் ஷெல்டன் நினைவுகூர்ந்த ஜார்ஜ் குடிகாரர், மனைவிக்குத் துரோகம் செய்தவர். பதின்மூன்று வயதில் கதவைத் திறந்து தந்தையை வேறொரு பெண்ணுடன் பார்த்ததால்தான் மூன்று முறை தட்டும் பழக்கம் வந்தது என்று 2016-ல் ஓர் எபிசோடில் விளக்கம் தரப்பட்டது. ‘யங் ஷெல்டன்’ காட்டிய ஜார்ஜோ சோர்ந்துபோன, பொறுமையான, நல்ல மனிதர். இரண்டையும் பொருத்த எழுத்தாளர்கள் 2024-ல் கண்ட வழி எளியது: அந்தப் ‘பெண்’ பொன்னிறப் பொய்முடி அணிந்த மேரியே. தன் நினைவாற்றலைப் பற்றி வாழ்நாள் முழுதும் பெருமையடித்தவர் தந்தையைத் தவறாக நினைவில் வைத்திருந்தார். முரண்பாட்டைச் சமாளிக்கச் செய்த தந்திரம் என்று இதைச் சிலர் ஒதுக்கலாம். ஆனால் மேதையின் கடைசிக் கோட்டையான நினைவையே ஐயத்துக்கு உள்ளாக்கியதில் அது தந்திரத்தைக் கடந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் மூலத் தொடரே இதற்குக் கோடு போட்டிருந்தது: பழைய வீடியோ நாடாவில், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இடைவேளையில் தைரியம் சொல்லும் தந்தையை வளர்ந்த ஷெல்டன் முதன்முறையாகக் கேட்கிறார்.

ஏழாம் சீசனின் முடிவில் ஜார்ஜ் மாரடைப்பால் இறக்கிறார். பார்வையாளர்கள் பல ஆண்டுகளாக எதிர்பார்த்த மரணம். ஷெல்டனுக்குப் பதினான்கு வயதில் தந்தை போய்விட்டார் என்பது முன்பே சொல்லப்பட்டது. மரணக் காட்சியைத் திரையில் காட்டவில்லை. வாசலில் வந்து நிற்பவர்கள் சொல்கிறார்கள். அடுத்த எபிசோடு முழுதும் ஷெல்டன் ஒரே கணத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறான்: தந்தை வழக்கம்போல் விடைபெற்றுக் கிளம்பிய கணம். அவன் தன் நினைப்பில் மூழ்கி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு பதிலைச் சொல்லிப் பார்க்கிறான். சோதனையைத் திருத்தித் திரும்பச் செய்யும் அறிவியல் பழக்கம் பயனற்றுப்போகும் இடத்தில் அவனை நிறுத்தி, ஆறுதல் எதுவும் தராமல் விட்டுவிடுகிறார்கள். கடைசி எபிசோடில் துயரம் தாங்காத மேரி பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். மிஸ்ஸி மறுக்கிறாள். நம்பிக்கை இல்லாத ஷெல்டன் அம்மாவுக்காக நீரில் இறங்குகிறான். பிறகு கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறான்.

குறைகளும் உண்டு. ஷெல்டனின் பண்புகளுக்குத் தொடர் மருத்துவப் பெயர் எதையும் சூட்டவில்லை. அதே சமயம் அந்தப் பண்புகளை வைத்துச் சிரிக்கவும் தயங்கவில்லை. இந்த இரட்டை நிலையை எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. சில சீசன்களில் பெரியவர்களின் காதல் விவகாரங்கள் இழுபடுகின்றன. பின்னணிக் குரல், காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டதை மறுபடியும் சொல்லிக் கெடுக்கும் இடங்களும் பல.

2024 அக்டோபரில் சிபிஎஸ் இந்தக் குடும்பக் கதையின் தொடர்ச்சியை வெளியிட்டது. ‘ஜார்ஜி அண்ட் மேண்டிஸ் ஃபர்ஸ்ட் மேரேஜ்’ என்ற அத்தொடரின் நாயகன் பள்ளியைப் பாதியில் விட்ட அண்ணன். மாமனாரின் டயர் கடையில் வேலை, கையில் குழந்தை. அது மீண்டும் அரங்கப் பார்வையாளர்கள் முன்னிலையில், பல கேமராக்களில், சிரிப்பொலியுடன் எடுக்கப்படுகிறது.